சூட்டைத் தாங்கும் பவளம் உண்மையா? ரூத் கேட்ஸ் தேடியதும் கிடைத்ததும்

உலகப் பவளப்பாறைகளில் 84 சதவீதம் வெளிறிவிட்டன, இனி அவ்வளவுதான் என்று ஒரு செய்தி வருகிறது. அது மறப்பதற்குள், வெப்பத்தைத் தாங்கும் 'சூப்பர் பவளம்' ஆய்வகத்தில் வளர்கிறது என்று இன்னொன்று. இரண்டையும் படித்தவர் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டிலும் உண்மை இருக்கிறது, இரண்டையுமே தலைப்பு போட்டவர்கள் கொஞ்சம் இழுத்துவிட்டார்கள்.

'சூப்பர் பவளம்' என்ற பேச்சைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ரூத் கேட்ஸ். சைப்ரஸில் 1962-ல் பிறந்த பிரிட்டிஷ் கடல் உயிரியலாளர், 2018-ல் 56 வயதில் ஹவாயில் இறந்தார். அவருடைய ஆய்வு வாழ்க்கையை வரிசையாகப் பின்தொடர்ந்தாலே இந்தக் குழப்பத்தில் முக்கால்வாசி தெளிந்துவிடும். அவர் கேட்ட கேள்வி மூன்று தடவை மாறியது: ஏன் வெளிறுகிறது, வெளிறும்போது உள்ளே என்ன நடக்கிறது, பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்று ஏன் வெளிறவில்லை. இந்தத் துறையும் ஏறக்குறைய அதே வழியில்தான் வளர்ந்தது.

முதலில் அடிப்படை: பவளம் என்பது ஒரு கூட்டுக் குடித்தனம்

பவளம் கல் மாதிரி தெரிந்தாலும் விலங்கு. ஒரு சின்னப் பை, அதற்கு ஒரு வாய், வாயைச் சுற்றி கொடுக்கு உள்ள விரல்கள், இவ்வளவுதான் ஒரு பாலிப். ஆயிரக்கணக்கான பாலிப்கள் ஒட்டி வாழ்ந்து, அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே போகின்றன. அந்தக் கூடு பல தலைமுறைகளாகச் சேர்ந்து எழுந்ததுதான் பவளப்பாறை.

பாலிப்பின் உயிரணுக்களுக்கு உள்ளேயே ஒற்றைச் செல் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. நகக்கண் அளவு பரப்பில் பத்து லட்சம் வரைகூட இருக்கும். அவை ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரையைத் தயாரித்துப் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன, பவளம் பதிலுக்கு இடமும் கார்பனும் நைட்ரஜன் கழிவும் தருகிறது. பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரை இந்தப் பாசியிடமிருந்தே வர முடியும். சத்துக் குறைந்த, கண்ணாடி போலத் தெளிந்த வெப்பமண்டலக் கடலில் இவ்வளவு பெரிய பாறைகள் எழுந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

பவளத்தின் தசை கிட்டத்தட்ட நிறமற்றது, நாம் பார்க்கும் பழுப்பு நிறம் பெரும்பாலும் பாசியுடையது. பாசி போனால் தசை வழியாக வெள்ளைக் கூடு தெரியும், அதைத்தான் வெளிறுதல் என்கிறோம்.

ஆக, வெளிறிய பவளம் செத்த பவளம் ஆகாது. உற்றுப் பார்த்தால் கண்ணாடி மாதிரி பாலிப்கள் கூட்டின் மேல் இன்னும் உயிரோடு அசைவது தெரியும். ஆனால் வருமானத்தின் பெரும்பகுதி நின்றுவிட்டது, சேமிப்பில் ஓடுகிறது. கடல் சில வாரங்களில் குளிர்ந்தால் பாசி மறுபடி பெருகிக் குடியேறும். குளிராவிட்டால் பட்டினியில் சாகும், பிறகு சில நாட்களிலேயே அந்த வெள்ளைக் கூட்டின் மேல் அழுக்குப் பச்சையாக வேறு பாசி படர்ந்துவிடும். படம் எடுக்கும்போது பளீரென்ற வெள்ளைதான் பயமுறுத்துகிறது, உண்மையில் பயப்பட வேண்டியது அடுத்து வரும் அந்த அழுக்குப் பச்சைக்குத்தான்.

சூட்டை அளக்கும் கணக்கு

செய்திகளில் 'டிகிரி வாரம்' என்று ஓர் அளவு வரும், அதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

1. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அடிப்படை உண்டு: அங்கே வழக்கமாக ஆண்டின் மிகச் சூடான மாதம் எதுவோ, அந்த மாதத்தின் சராசரி நீர் வெப்பம்.
2. அதைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடினால்தான் கணக்கு தொடங்குகிறது. ஒற்றை டிகிரிதான். பவளங்கள் தம் தாங்கும் எல்லைக்கு அவ்வளவு நெருக்கமாக வாழ்கின்றன.
3. எத்தனை டிகிரி கூடுதல், எத்தனை வாரம் நீடித்தது, இரண்டையும் பெருக்கிக் கடந்த 12 வாரத்துக்குக் கூட்டுகிறார்கள். 2 டிகிரி கூடுதல் 4 வாரம் நீடித்தால் 8 டிகிரி வாரம்.
4. 4-ஐத் தாண்டினால் கணிசமாக வெளிறும். 8-ஐத் தாண்டினால் பரவலாக வெளிறி, சாவும் தொடங்கும்.

அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பான நோவா செயற்கைக்கோள் தரவை வைத்து இதைத் தினமும் கணக்கிடுகிறது. அதன் எச்சரிக்கை அட்டவணை முன்பு 8 டிகிரி வாரத்தோடு முடிந்துவிட்டது, 2023-ன் சூட்டுக்குப் பிறகு அது போதவில்லை. மேலே மூன்று படிகள் புதிதாகச் சேர்த்தார்கள், கடைசிப் படி 20 டிகிரி வாரம், அதாவது பெரும்பாலான பவளங்கள் செத்துவிடக்கூடிய நிலை.

84 சதவீதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது புரியும். 2023 ஜனவரியிலிருந்து நடந்த நான்காவது உலகளாவிய வெளிறல் நிகழ்வில், வெளிறச் செய்யும் அளவுக்குச் சூடேறிய பாறைப் பரப்பு 84 சதவீதம் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். அவ்வளவும் செத்துவிட்டது என்று பொருள் கொண்டால் தவறு, ஆனால் ஆறுதல் அடையவும் ஒன்றுமில்லை. 1998 நிகழ்வில் இந்த அளவு 21 சதவீதம், 2010-ல் 37, 2014 முதல் 2017 வரை நடந்ததில் 68.

ஜமைக்காவில் தொடங்கிய கேள்வி

கேட்ஸ் நியூகாசில் பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவியாக ஜமைக்காவுக்குப் போனது 1980-களின் நடுவில். 1987-ல் கரீபியன் கடல் முழுக்கப் பவளங்கள் வெளிறின. நோயா, அளவுக்கு மீறிய வெயிலா, மாசா, நீர்ச் சூடா என்று அப்போது தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. 1982-83-ல் எல் நினோ வந்து, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறி, கிழக்குப் பசிபிக்கில் நடந்த பெருஞ்சாவைப் பதிவு செய்து வெப்பத்தின் மேல் கைகாட்டியவர் பீட்டர் கிளின். ஜமைக்காவில் தான் பார்த்த, சாகடிக்காத அளவு வெளிறலையும் நீர் வெப்பத்தையும் இணைத்து கேட்ஸ் 1990-ல் கட்டுரை வெளியிட்டார். முதல் கேள்விக்குக் கிடைத்த பதில் இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது: பெருமளவு வெளிறலின் முதன்மைக் காரணம் வெப்பம், அதோடு சேர்ந்து வேலை செய்வது ஒளி.

இரண்டாவது கேள்விக்காக லாஸ் ஏஞ்சலஸ் போனார், அங்கே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லியோனார்ட் மஸ்கட்டைனின் ஆய்வகம் விலங்கு, பாசி உறவுக்குப் பேர் போனது. சூடு ஏறும்போது நடப்பதை இப்படிச் சுருக்கலாம்:

1. பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகிறது. ஆனால் வெயில் நிற்பதில்லை, ஒளி உள்ளே வந்துகொண்டே இருக்கிறது.
2. பயன்படுத்த முடியாத அந்த ஆற்றல், கண்டதோடு வினைபுரியும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு அதில் ஒன்று, அது பாசியிலிருந்து பவளத்தின் உயிரணுவுக்குள் கசியும்.
3. உணவு கொடுத்துவந்த குடித்தனக்காரர் இப்போது நஞ்சு கொடுக்கிறார். பவளம் பாசியை வெளியேற்றுகிறது, அல்லது செரித்துவிடுகிறது.
4. சில சமயம் பாசி இருக்கும் உயிரணுவையே மொத்தமாகக் கழற்றி விடுகிறது. இதை 1992-ல் கேட்ஸும் மஸ்கட்டைனும் உள்ளிட்ட மூவர் காட்டினார்கள்.

நான்காவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் தீப்பிடித்த அறையை அறையோடு பெயர்த்து வெளியே எறிவது மாதிரி. வெளிறல் என்பது பவளம் சும்மா கிடந்து அனுபவிக்கும் துன்பம் என்று நினைத்தால், இல்லை, அதன் உடல் எடுக்கும் அவசர நடவடிக்கையும் அதில் இருக்கிறது. ஒரு பவளத்தின் வெயில் படும் மேல்பக்கம் வெள்ளையாகவும் நிழலில் இருக்கும் அடிப்பக்கம் பழுப்பாகவும் இருப்பதைக் கடலில் அடிக்கடி பார்க்கலாம். நீர் இரண்டு பக்கமும் ஒரே சூடுதான், ஒளிதான் வித்தியாசம்.

பக்கத்துப் பவளம் ஏன் வெளிறவில்லை

2003-ல் கேட்ஸ் ஹவாய் கடல் உயிரியல் நிறுவனத்துக்கு வந்தார், 2015-ல் அதன் இயக்குநரானார். ஓவாஹு தீவின் கனேயோஹே விரிகுடாவில் ஒரு குட்டித் தீவில் இருக்கிறது அந்த நிறுவனம், ஆய்வக வாசலிலேயே பாறைத்திட்டு. அவருக்குப் பிடித்த கருவி லேசர் நுண்ணோக்கி. அதில் உயிருள்ள பவளத்தை வைத்தால் பவளத்தின் தசை பச்சையாக ஒளிரும், அதற்குள் பாசிகள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும், சூடு ஏற்ற ஏற்ற அந்தச் சிவப்பு குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

2014-லும் 2015-லும் அடுத்தடுத்து அந்த விரிகுடா வெளிறியது. கையெட்டும் தூரத்தில் ஒரே இனத்தின் இரண்டு பவளங்கள், ஒரே நீர், ஒரே வெயில், ஆனால் ஒன்று எலும்பு வெள்ளை, மற்றது பழுப்பு மாறாமல். கேட்ஸின் குழு இப்படிப்பட்ட சோடிகளைத் தேடித் தேடி அடையாளமிட்டது. பலர் வெளிறியதை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் வெளிறாததை எண்ணியதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

தாங்கும் சக்தி எங்கிருந்து வருகிறது

1. பாசியின் வகை. எல்லா நுண்பாசியும் ஒன்றல்ல. துருஸ்டினியம் என்ற வகை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், அதை ஏற்றுக்கொண்ட பவளத்துக்கு 1 முதல் 1.5 டிகிரி வரை கூடுதல் தாக்குப்பிடிப்பு கிடைப்பது ஆஸ்திரேலியாவில் அளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது கொடுக்கும் சாப்பாடு குறைவு. வழக்கமான கிளாடோகோப்பியம் வகையோடு வளரும் குட்டிப் பவளங்கள் இரண்டு மூன்று மடங்கு வேகமாக வளர்ந்ததை 2004-ல் காட்டினார்கள்.

2. பவளத்தின் சொந்த மரபணு. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் பாறைத்தொடரின் சூடான வடபகுதிப் பெற்றோரையும் குளிர்ந்த தென்பகுதிப் பெற்றோரையும் கலந்தபோது, வடபகுதிப் பெற்றோர் உள்ள லார்வாக்கள் சூட்டில் பிழைக்கும் வாய்ப்பு 10 மடங்கு வரை கூடியது. 2015-ல் வந்த இந்த முடிவு முக்கியமானது, ஏனென்றால் தாங்கும் சக்தி பிள்ளைகளுக்குப் போகிறது என்று இது காட்டியது.

3. பழக்கம். அமெரிக்க சமோவாவின் ஓஃபூ தீவில் கரையோரக் குட்டைகள் இருக்கின்றன, நீர் வற்றும் நேரத்தில் 35 டிகிரி வரை போகும், பிறகு இறங்கும். சூடு குறைந்த குட்டையின் பவளங்களை அந்தக் கொதிக்கும் குட்டைக்கு மாற்றி வைத்தது ஸ்டீவ் பலும்பியின் குழு. இரண்டு வருடத்துக்குள் அவற்றின் தாங்கும் சக்தி தெளிவாக உயர்ந்தது. ஆனாலும் அங்கேயே பிறந்து வளர்ந்தவற்றை முழுசாக எட்டவில்லை. பழக்கம் ஒரு பங்கு, பிறப்பு ஒரு பங்கு.

4. சாப்பாட்டுப் பழக்கம். மோண்டிபோரா கேபிடாட்டா என்ற ஹவாய்ப் பவளம் வெளிறிய பிறகு மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்பதை அதிகமாக்கி, தன் தினசரித் தேவையை அதிலேயே ஈடுகட்டும்.

கனேயோஹேவிலேயே இன்னொரு சாட்சி உண்டு. 1970-ல் ஸ்டீவ் கோல்ஸும் பால் ஜோக்கியலும் செய்த வெப்பச் சோதனையை 2017-ல் அதே இடத்தில் அதே முறையில் திரும்பச் செய்தபோது, சோதித்த மூன்று பவள இனங்களுமே முன்பைவிட நன்றாகத் தாங்கின. ஏறக்குறைய ஐம்பது வருடத்தில் ஏதோ நகர்ந்திருக்கிறது.

'கைகொடுக்கும் பரிணாமம்' என்றால் என்ன

இயற்கை தானாக நகர்வது உண்மை, கடல் சூடாகும் வேகத்துக்கு அது போதாது. அந்த இடைவெளியில் மனிதர் கைகொடுக்கலாமா என்று கேட்ஸும் ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனத்தின் மேடலின் வான் ஓப்பனும் சேர்ந்து முன்வைத்த திட்டத்துக்கு, 2015-ல் பால் ஆலன் அறக்கட்டளை 40 லட்சம் டாலர் கொடுத்தது. நான்கு வழிகளைச் சொன்னார்கள்: பவளங்களை அளவான சூட்டுக்குப் பழக்குவது, தாங்கும் பெற்றோரைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்வது, பவளத்தோடு வாழும் நுண்ணுயிர்களை மாற்றுவது, பாசியை மட்டும் ஆய்வகத்தில் சூட்டில் வளர்த்துப் பரிணாமம் அடையச் செய்வது. இதில் எதுவும் மரபணுவை வெட்டி ஒட்டும் வேலை இல்லை, பல பேர் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

இனப்பெருக்கம் சொல்வதற்கு எளிது. மோண்டிபோரா கோடையில் அமாவாசையை ஒட்டிய சில இரவுகளில் மட்டும், ஒன்பது மணி வாக்கில் முட்டையும் விந்தும் கட்டிய உருண்டைகளை விடும். முதலில் ஒவ்வொரு பாலிப்பின் வாயிலும் ஓர் உருண்டை வந்து நிற்கும், சில நிமிடம் அப்படியே நிற்கும், பிறகு கழன்று நீரின் மேற்பரப்புக்கு மிதந்து போகும். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அவற்றைச் சேகரித்து, இந்தத் தாய் அந்தத் தந்தை என்று பிரித்துக் கலக்க வேண்டும், தவறவிட்டால் அடுத்த அமாவாசை, அதையும் விட்டால் அடுத்த வருடம். இந்த இனத்தில் தாயே முட்டைக்குள் பாசியை வைத்து அனுப்புகிறது. பெரும்பாலான பவளங்களில் குஞ்சுகள் கடலிலிருந்துதான் பாசியைத் தேடிக்கொள்ள வேண்டும்.

பாசி வழியில் வந்த முடிவு 2020-ல் வெளியானது. வான் ஓப்பன் குழு கிளாடோகோப்பியம் பாசியின் 10 வம்சங்களை 31 டிகிரியில் நான்கு வருடம் வளர்த்தது. தனியாக வளரும்போது பத்துமே சூட்டைத் தாங்கப் பழகின. பவள லார்வாவுக்குள் வைத்தபோது அந்தத் தாங்கும் சக்தியைப் பவளத்துக்கும் கொடுத்தவை 3 மட்டும்.

இதன் எல்லை எங்கே

பலாவ் தீவில் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு, அதாவது கேட்ஸ் படித்த அதே இடம், சூட்டைத் தாங்கும் பெற்றோரைத் தேர்ந்தெடுத்துப் பிறந்த பவளங்களைப் பல வருடம் வளர்த்துச் சோதித்தது. 2024-ல் வந்த முடிவு: ஒரு தலைமுறையில் கூடும் தாங்கும் சக்தி சுமார் 1 டிகிரி வாரம். அது பரம்பரையாக வரும் என்று நிரூபித்தது பெரிய விஷயம். ஆனால் மேலே சொன்ன அட்டவணையை ஒரு தடவை திரும்பப் பாருங்கள், கடைசிப் படி 20. இன்னொன்றும் அதே ஆய்வில் தெரிந்தது: சில நாள் கடுஞ்சூட்டைத் தாங்குவதும் ஒரு மாத மிதச்சூட்டைத் தாங்குவதும் வேறு வேறு திறன்கள், ஒன்றுக்குத் தேர்ந்தெடுத்தால் மற்றது கூடவே வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

அந்த 20 வெறும் காகிதக் கணக்கும் இல்லை. 2023 கோடையில் புளோரிடாவில் அதைவிட அதிகச் சூடு சேர்ந்த இடங்கள் உண்டு. அங்கே பாறையைக் கட்டி எழுப்பிய இரண்டு அக்ரோபோரா இனங்களில், புளோரிடா கீஸ், டிரை டோர்டுகாஸ் பகுதிகளில் 97.8 முதல் 100 சதவீதம் வரை செத்துவிட்டன. மிச்சமிருப்பவை பாறை கட்டும் வேலையைச் செய்யப் போதாது என்று 2025-ல் அறிவித்தார்கள். பல வருடம் பண்ணையில் வளர்த்து நட்ட பவளங்களும் அந்தச் சாவில் அடக்கம்.

அடுத்தது பரப்பு. உலகில் பவளப்பாறை மீட்புத் திட்டங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் திட்டத்தின் அளவு 100 சதுர மீட்டர், ஒரு சின்ன வீட்டு மனையளவுதான். கிரேட் பேரியர் பாறைத்தொடரின் கடல் பூங்கா 3,44,400 சதுர கிலோமீட்டர்.

அப்புறம் இடைவெளி. வேகமாக வளரும் பவளங்கள்கூட ஒரு பெருஞ்சாவிலிருந்து மீள சுமார் பத்து வருடம் வேண்டும். 2016-லிருந்து கிரேட் பேரியர் தொடர் பெருமளவு வெளிறிய வருடங்களை எழுதிப் பார்த்தாலே போதும்: 2016, 2017, 2020, 2022, 2024, 2025.

கேட்ஸ் இந்த முறைகளைக் கார்பன் குறைப்புக்கு மாற்றாக முன்வைக்கவில்லை. வெப்பமயமாதல் நிற்கும் வரை பாறைகளில் ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும், அதற்கான கால அவகாசம்தான் இது. உலகச் சராசரி வெப்ப உயர்வு 1.5 டிகிரியில் நின்றால் வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் போகும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கு மேல் போகும் என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2018-ல் சொன்னது. 1.5 டிகிரியில் மிஞ்சும் அந்த 10 முதல் 30 சதவீதத்தில் எவை இருக்கும், அவற்றிலிருந்து மறுபடி பாறை எழுமா என்பதில்தான் இந்த ஆய்வுக்கு வேலை.

அடையாளமிட்ட சோடிகளுக்கு என்ன ஆனது

கனேயோஹே சோடிகளை கேட்ஸின் காலத்துக்குப் பிறகும் விடாமல் பார்த்தார்கள். 2019-ல் மூன்றாவது வெப்ப அலை வந்தது. பத்து வருடப் பதிவு 2023-ல் வெளியானபோது, இரண்டு இனங்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டிருந்தன.

பொரைட்டீஸ் கம்ப்ரெஸ்ஸா என்ற விரல் பவளத்தில், முதலில் வெளிறியவை ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, மூன்றாவது அலையில் தாங்கும் சோடியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டன. மோண்டிபோரா கேபிடாட்டாவில் அப்படி நடக்கவில்லை. முதல் தடவை வெளிறியது இரண்டாம் தடவையும் வெளிறியது, மூன்றாம் தடவையும் வெளிறியது, அதற்குப் பிறகு மூன்று வருடம் வரை அவற்றில் கணிசமானவை செத்துக்கொண்டிருந்தன.

முதல் இனத்துக்கு வேண்டியது அலைகளுக்கு நடுவே மூச்சுவிட நேரம், நேரம் கிடைத்தால் அது தானே கற்றுக்கொள்ளும். இரண்டாவதில் எது தாங்கும் என்பது ஏறக்குறைய பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது, அதனால் வெளிறாத பெற்றோரைத் தேர்ந்து அமாவாசை இரவில் முட்டை சேகரிக்கும் வேலைக்கு அங்கே அர்த்தம் இருக்கிறது.